உறவு, ஏதேனும் இருந்தால்

கிருஷ்ணகிரியில் கோர்ட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் பெயருக்குத்தான். வருமானமெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதில் வருகிறது. சாதிச் சான்று, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு என்று நாள் முழுக்க ஊர்க் குடும்பங்களைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருப்பாள். நான் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

வீடு கிடைப்பதில் எங்களுக்குக் கஷ்டமே இருந்ததில்லை. வீட்டுக்காரர் "அக்கா தங்கச்சியாம்மா?" என்று கேட்பார். "இல்லைங்க, பிரெண்ட்ஸ்" என்றால் தலையாட்டிவிட்டு அட்வான்ஸை எண்ணுவார். சாதி மாறிக் கட்டிக்கொண்ட புருஷன் பொண்டாட்டிக்கு எங்கள் பக்கம் அவ்வளவு லேசில் வீடு அமையாது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தபோது நான் காலேஜில் இருந்தேன். ஆணும் பெண்ணும் செய்துகொண்ட, சட்டம் தாராளமாகச் சம்மதிக்கிற ஒரு கல்யாணத்துக்காக அத்தனை வீடுகள். அதனால் எங்களை யாரும் என்னவென்று யோசிக்காமல் இருப்பது ஒரு வசதி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு களிப்பானை.

களி கிண்டுவது இரண்டு ஆள் வேலை. அவள் துணி சுற்றிப் பானையைப் பிடித்துக்கொள்ள, நான் கட்டையைப் போட்டுக் கிண்டுவேன். தனியாக இருந்தால் சோறுதான். கேழ்வரகு மாவை எடுக்கவே தோன்றாது. 2024 நவம்பரில் ஒரு ராத்திரி, மாவு பாதி வெந்துகொண்டிருக்கும்போது அவள் கேட்டாள். "ஏன்டி, நான் திடீர்னு போயிட்டா என் கடைப் பணம் யாருக்குப் போகும்?"

"கட்டி தட்டிடும், ஒழுங்கா பிடி."

"இல்ல, நெஜமா கேக்குறேன்."

அன்று காலை அவள் கடைக்கு ஒரு அம்மா வந்திருக்கிறார். புருஷன் இறந்து நாற்பது நாள். பேங்கில் நாமினி போடவில்லை, வாரிசுச் சான்று வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். இப்படி வாரத்துக்கு நாலைந்து பேருக்கு அவள் நிரப்பிக் கொடுக்கிறாள். அன்றைக்குத்தான் நடுவில் அவளுக்கு உறைத்திருக்கிறது. அந்த அம்மா அலைந்தாலும் கடைசியில் பணம் வரும். மனைவி என்று எழுத அவருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எனக்கு விண்ணப்பம் போடவே வழியில்லை. அவள் பணம் ஊத்தங்கரையில் இருக்கும் அவள் அப்பா அம்மாவுக்குப் போகும். என்னுடையது என் அம்மாவுக்கு. கல்யாணமாகாத பெண் உயில் எழுதாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதுதான் கணக்கு. ஏழு வருஷம் களி கிண்டிய ஆள் அதில் எங்குமே வரமாட்டாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதைக் கடையில் வைத்து ஒரே போனில் பார்த்தோம். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள். கல்யாணம் என்று இல்லாவிட்டாலும் எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து வாழ்வதை அரசு ஏதாவது ஒரு பெயரில் ஏற்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், மூன்று பேர் ஒப்பவில்லை. நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டுமாம். அன்றைக்குப் பார்த்துக் கல்யாணத்தைப் பதிவு செய்ய ஒரு புது ஜோடி கடைக்கு வந்தது. அவள் முகத்தில் எதையும் காட்டாமல் அவர்களுக்கு அடித்துக் கொடுத்தாள். பொண்ணு பெயரில் ஒரு எழுத்து தப்பு வந்ததைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினாள்.

சரி, நிஜமாக என்ன செய்யலாம் என்று பார்த்தோம். ஒரு காகிதம் இருந்தது. 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதி அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பால்புதுமையினர், அதாவது எங்களைப் போன்றவர்கள், ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கவும், உறவில் இருப்பவரை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று. அதற்கு ஒரு வாரம் முன்பே ரிசர்வ் வங்கியும் எல்லா வணிக வங்கிகளுக்கும் இதைத் தெளிவுபடுத்தியிருந்தது. உண்மையைச் சொன்னால் இதில் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. எந்த இரண்டு பேரும் எப்போதும் ஜாயின்ட் அக்கவுண்ட் வைக்கலாம், யாரையும் நாமினி போடலாம். ஆனால் கவுன்டரில் "முடியாது" என்று சொல்லும் ஆள் முன்னால் நீட்ட ஒரு காகிதம் கிடைத்தது. அவள் தன் கடையிலேயே நாலு காப்பி போட்டாள். எனக்கும் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று கணக்கு எழுதினாள்.

டிசம்பரில் முதல் முறை போனோம். வங்கியின் பெயர் வேண்டாம். ஆதார், பான் கார்டு, ஆளுக்கு இரண்டு போட்டோ எல்லாம் சரியாக இருந்தது. கவுன்டரில் இருந்தவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரத்த சொந்தமா இருக்கணும், இல்ல புருஷன் பொண்டாட்டியா இருக்கணும்" என்றார். அப்படி விதி கிடையாது. காப்பியை நீட்டினோம். படிக்கவில்லை, உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "என்ன உறவும்மா?"

அவள் தைரியமாக, "பார்ட்னர் சார்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கடையிலயா? அப்ப இது சேவிங்ஸ்ல வராதும்மா. கரண்ட் அக்கவுண்ட் போடணும். பார்ட்னர்ஷிப் டீட் இருக்கா? ஜிஎஸ்டி?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவளோ கோபத்தில் சிவந்துவிட்டாள். விளக்கிச் சொல்ல வாயெடுத்தால் பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், அதில் இரண்டு பேர் அவள் கடை வாடிக்கையாளர்கள். தொழில் பார்ட்னர்களாகவே வெளியே வந்தோம். டேமுக்குப் போய்ப் பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவளுக்கு மூன்றாவது துண்டு மீனில்தான் சிரிப்பு வந்தது.

பொங்கலுக்குப் பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்குப் போனேன். அதற்கு முந்தின வாரம், ஜனவரி 9 அன்று, தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்ட மனுக்களையும் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டிருந்தது. எனக்கு மனசே சரியில்லை. அம்மா கேட்டாள். சொன்னேன். பேங்கில் நடந்ததில் ஆரம்பித்து எல்லாவற்றையும். அவளுக்குத் தெரியாதது இல்லை. ஏழு வருஷமாக எனக்கு ஒரு பங்கு அரிசி வடகம் என்றால் அவளுக்கும் ஒரு பங்கு கட்டித் தருகிறவள் அம்மா. அதை வாயால் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தா பாட்டியின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தாள். 1955. பழுத்துப்போன மஞ்சள் தாள். திருமணம், சுபமுகூர்த்தம் எதுவும் இல்லை. 'வாழ்க்கைத் துணை ஒப்பந்த விழா' என்று போட்டிருந்தது. தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை, மாலை மாற்றியதோடு சரி.

"நான் பொறந்தப்ப எங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் சட்டப்படி கல்யாணமே ஆகல, தெரியுமா உனக்கு? ஊர்ல எங்கள எப்படியெல்லாம் பேசுவாங்க. அண்ணா வந்துதான் சட்டம் போட்டாரு. அப்ப நான் மூணாவது படிக்கிறேன்."

சுயமரியாதைத் திருமணச் சட்டம் 1967ல் வந்தது. பழைய சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்தே அது செல்லும் என்றது. ஆக, பன்னிரண்டு வருஷம் கழித்து, மூன்று பிள்ளைகளுக்கு அப்புறம், என் தாத்தா பாட்டிக்குக் கல்யாணமானது. இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. கிருஷ்ணகிரிக்குத் திரும்பியதும் அவளிடம் சொன்னேன். அன்று ராத்திரியே இந்து திருமணச் சட்டத்தில் அந்த 7அ பிரிவைத் தேடி எடுத்துப் படித்தாள். 'எந்த இரண்டு இந்துக்களுக்கும் இடையே' என்று ஆரம்பிக்கிறது. அந்த வரியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் கீழே போனால் கணவன், மனைவி என்று வந்துவிடுகிறது. "ஒரு வரி கழிச்சுத் தட்டிவிட்டாங்களேடி" என்றாள்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது.

இரண்டாம் முறை வேறு வங்கிக்குப் போனோம். அங்கே மேலாளர் ஒரு பெண். காப்பியை முழுவதும் படித்தார். "இது தெரியும்மா, வந்துச்சு. ஆனா இதுக்காகன்னு யாரும் வந்ததில்ல" என்றார். நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. கணக்கு 'ஈதர் ஆர் சர்வைவர்' முறையில். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு. இதில் எங்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. ஜாயின்ட் அக்கவுண்டில் அவளை நான் நாமினியாகப் போடத் தேவையில்லை, அவளே கணக்குக்காரிதான். அங்கே நாமினி என்பது இருவரும் இல்லாமல் போன பிறகு வாங்குகிற ஆள். அதற்கு அவள் அண்ணன் மகளைப் போட்டோம். என் சம்பளக் கணக்கில் அவளையும் அவள் பழைய கணக்கில் என்னையும் தனித்தனியாக நாமினி போட வேண்டியிருந்தது. அந்தந்தக் கிளையில் அந்தந்த ஃபார்ம்.

நாமினி ஃபார்மில் ஒரு கட்டம் உண்டு. 'டெபாசிட்தாரருடன் உறவு, ஏதேனும் இருந்தால்'. அந்த 'ஏதேனும் இருந்தால்' என்பதை நான் பல தடவை வாசித்தேன். யாரோ ஒரு குமாஸ்தா எந்தக் காலத்திலோ போகிற போக்கில் சேர்த்த சொல்லாக இருக்கும். காலியாகவும் விடலாம், தோழி என்றும் எழுதலாம், இரண்டுமே செல்லும். அவள் பேனாவை எடுத்து, கடையில் எழுதும் அதே குண்டு எழுத்தில் 'வாழ்க்கைத் துணை' என்று எழுதினாள். கவுன்டரில் இருந்த பையன் அதைப் பார்த்தான், முத்திரை குத்தினான், கிழித்து ரசீது கொடுத்தான். "அடுத்தது?" என்றான். அவ்வளவுதான். வெளியே வந்து இரண்டு பேரும் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் நின்றோம்.

பூ வாங்கினோம். ஒரு முழம் கேட்டால் அவள் இரண்டு முழம் வாங்கினாள்.

இதோடு முடியவில்லை. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும் வக்கீல் அண்ணா ஒருவர் எங்கள் சந்தோஷத்தில் தண்ணீர் தெளித்தார். நாமினி என்றால் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறவர்தானாம். சட்டப்படி வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். "உயில் எழுதுங்கம்மா. நாமினி, உயில் ரெண்டும் இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது." உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாளே போதும். இரண்டு சாட்சி கண்டிப்பாக வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் எங்களைப் போன்றவர்கள் பதிவு செய்துவிடுவதே நல்லது என்றார். சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டாம் என்றும் சொன்னார். முக்கியமாக, "அம்மாவுக்குத் தெரியாம எழுதாதீங்க. கோர்ட்டுக்கு வர்ற கேஸெல்லாம் தெரியாம எழுதினதுதான்."

மார்ச்சில், மாம்பழம் ஆலைக்கு வர ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரே நாளில் இரண்டு உயிலுக்கும் டோக்கன் போட்டோம். சாட்சிக்கு டீக்கடை அண்ணாவும் என் ஆபீஸ் அக்காவும். சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ, கைரேகை, இரண்டு கேள்வி. சுயநினைவோடுதான் எழுதினீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா என்று. டீக்கடை அண்ணா வெளியே வந்து, "ரெண்டு பேரும் ஆளுக்கு ஆள் எழுதி வெச்சுக்கிட்டீங்களா? எங்கூட்டுக்காரிக்கு நான் இன்னும் எழுதல" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் மோர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். தனக்கு வரவேண்டியதைத் தள்ளி எழுதிய பெண்ணுக்கு முதலில் கொடுப்பாள் என்று பார்த்தால், பாட்டிலை அவளிடம்தான் நீட்டினாள்.

மே மாதம் பெங்களூரா மாம்பழ லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நின்ற சமயம், சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியில்லை என்று சொன்ன செய்தியை அவள் எனக்கு அனுப்பினாள். கூழ் வாடைக்கு நடுவில் நின்று படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கோப்பில் இப்போது பாஸ்புக், மூன்று நாமினி ரசீது, இரண்டு உயில், ஒரு அரசு அறிவிப்பின் காப்பி இருக்கிறது. கடைக்கு வந்த அந்த ஜோடிக்கு இதெல்லாம் ஒரே சான்றிதழில் கிடைத்தது. அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை ஒருநாள் எங்களுக்காக அடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஃபீஸ் வாங்கமாட்டாளாம்.

அடுத்தது ரேஷன் கார்டு. உறவில் இருக்கும் இருவரை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதற்கு முதலில் என் பெயரை அம்மா கார்டிலிருந்தும் அவள் பெயரை ஊத்தங்கரை கார்டிலிருந்தும் நீக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உம் பேரை எடுத்துட்டா எனக்கு அரிசி எத்தன கிலோடி கொறையும்?"