வாலை மட்டும் எடுக்காதீர்கள்

இலங்கையின் மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கலம் பார்க்கப் போகிற எல்லோரும் வால் மேலெழும் படத்துக்காகவே காத்திருக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் தயவுசெய்து முதுகையும் விலாவையும் எடுங்கள். அந்தச் சாம்பல் திட்டுகளும் சின்னஞ்சிறு முதுகுத் துடுப்பும் ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் வேறு. பல ஆண்டுகள் கழித்தும் அதே திமிங்கலத்தை ஆய்வாளர்கள் கண்டுகொள்வது இவற்றை வைத்துத்தான். இடம், வலம் இரண்டும் வேண்டும். இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது.

"இன்னும் கிட்டப் போங்கள்" என்று மட்டும் படகோட்டியை நச்சரிக்காதீர்கள். மூச்சுவிட வந்த உயிரின் வழியை மறிப்பது அநியாயம். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே இரவும் பகலும் ஓடும் சரக்குக் கப்பல்கள் மோதியும் திமிங்கலங்கள் சாகின்றன. அந்தக் கப்பல் பாதை முழுவதையும் இன்னும் தெற்கே நகர்த்தியே ஆகவேண்டும்.