அழித்த முக்கோணம்

"கஷ்டம்தான்மா, வேற தலைப்பு எடு" என்று நான் சொன்னதும் அவள் டஸ்டரைக் கையில் எடுத்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு அவளே யோசித்து வந்திருந்தாள். ஒரு கிராஃபுக்கு, அதாவது முனைகளான புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படத்துக்கு, மூன்று வண்ணத்தில் நிறம் கொடுத்த இரண்டு விதங்கள் கையில் இருக்கின்றன. இணைந்த முனைகள் ஒரே நிறமாகிவிடாமல், ஒவ்வொரு முனையாக மாற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியுமா? போர்டில் முக்கோணம் போட்டு, சிவப்பு, நீலம், பச்சை சாக்பீஸில் புள்ளி வைத்தாள். "இதுல எதையுமே மாத்த முடியாது மேடம். இப்படிச் சுத்துறது அப்படிச் சுத்தவே சுத்தாது" என்று விரலால் வலமும் இடமுமாகச் சுற்றிக் காட்டினாள்.

"மூணு கலர் போட முடியுமான்னு பார்க்கிறதே என்பி-கம்ப்ளீட். இது அதைவிடக் கஷ்டம்மா" என்றேன். என்பி-கம்ப்ளீட் என்றால், வேகமாகத் தீர்க்கும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத கணக்கு வகை.

"சரிங்க மேடம்."

நான் சொன்னது தப்பு. செரெசெடா, வான் டென் ஹூவல், ஜான்சன் மூவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரையை அந்த மே விடுமுறையில்தான் படித்தேன். மூன்று வண்ணம் என்றால் இந்தக் கேள்விக்குப் பாலினாமியல் நேரத்தில், அதாவது கிராஃப் பெரிதானாலும் கட்டுக்குள் இருக்கும் நேரத்தில், விடை கிடைத்துவிடும். நான்கிலிருந்துதான் பிஎஸ்பேஸ்-கம்ப்ளீட், என்பி-கம்ப்ளீட்டைவிடவும் கஷ்டமாகக் கருதப்படும் வகை; அதை போன்ஸ்மாவும் செரெசெடாவும் 2009இலேயே நிரூபித்துவிட்டார்கள். நிறம் கொடுப்பது கஷ்டம்தான், ஆனால் கொடுத்து முடித்த இரண்டும் ஏற்கெனவே கையில் இருக்கின்றனவே! மூன்றே வண்ணம் இருக்கும்போது, ஒரு முனை நிறம் மாற அதன் அண்டை முனைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தாக வேண்டும். அதனால் ஒரு சுற்றில் நிறங்கள் எந்தப் பக்கம், எத்தனை முறை சுழல்கின்றன என்ற கணக்கு மாறவே மாறாது. அவள் விரல் காட்டியது அதைத்தான்.

அன்று வாசலில் இன்னும் ஏழு பேர் நின்றிருந்தார்கள். தவிர, இந்த விஷயத்தில் மனசுக்குப் படுவதை நம்ப முடியாது. ஒரு கிராஃபில் இரண்டு முனைகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரப் பாதையைக் கண்டுபிடிப்பது சுலபம். அப்படி ஒரு பாதையை முனை முனையாக மாற்றி இன்னொன்றாக்க முடியுமா என்பது பிஎஸ்பேஸ்-கம்ப்ளீட். யாருக்கும் சறுக்கும். நான்கு மாதத்தில் அவளால் முடித்திருக்கவும் முடியாமல் போயிருக்கலாம். அப்படியென்றால் நான் சொன்ன யோசனை சரிதானோ? ஆனால் "பார்த்துச் சொல்றேன்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன மாதம் காட்பாடி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். சென்னையில் வேலையாம். என் பையை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு, "இப்பவும் அல்காரிதம்ஸ் நீங்கதான் எடுக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். லால்பாக் எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது.