ஐப்பசிக்கு முன்னால் ஒரு காகிதக்கூழ் படகு

புரட்டாசி பாதி தாண்டினால் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ கனக்கத் தொடங்கும். வானம் லேசாக மூடினால் போதும், கை தானாகப் போனை எடுக்கும். வானிலை ரேடார் படத்தில் கனமழையின் சிவப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்ப்பேன். கார்த்திகை முடிகிற வரை இப்படித்தான்.

காரணம் தெரிந்த பயம்தான் இது. 2015 டிசம்பர் 1 இரவு, சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு தொடங்குகிற ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி, ஆறு கரை கொள்ளாமல் தெருவுக்குள் ஏறிவிட்டது. விடிவதற்குள் கட்டில் முழுகியது. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, அதற்குள் என் மாமியார் காலத்திலிருந்து சேர்த்த கொலு பொம்மைகள். தண்ணீர் வடிந்து நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது மண் பொம்மைகளின் சாயமெல்லாம் கரைந்து முகமே இல்லாமல் இருந்தன. காகிதக்கூழில் செய்த தசாவதாரம் பத்தும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டது. செம்மரத்து மரப்பாச்சி ஜோடி மட்டும் சேறு பூசிக்கொண்டு முழுசாகக் கிடந்தது.

அதற்கப்புறம் எட்டு வருஷம் நாங்கள் கொலு வைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. ஆனாலும் நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்தார். மழைச் செய்தி காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அவ்வளவுதான் பார்க்கலாம் என்றார். "அந்த மூன்று மாதமும் கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்மா" என்றும் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கொலு வைடி. பொம்மை வாங்க வேண்டாம், செய்யலாம். எனக்குக் கூடை செய்யத் தெரியும்."

அம்மா சொன்னது காகிதக் கூடை. பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைத்து எடுப்பார்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் வற்றல் வடகம் போட்டு வைக்க இந்தக் கூடைதான். அம்மா இதைச் செய்து நாற்பது வருஷம் இருக்கும். ஆனால் கை மறக்கவில்லை.

2024 ஆவணி முதல் வாரம் ஆரம்பித்தோம். செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம் பஞ்சு மாதிரி இருப்பதால் சீக்கிரம் ஊறும். வழவழப்பான விளம்பரத் தாள் ஆகாது, அது கடைசிவரை மசியவே இல்லை. அரைக் கிலோ காகிதத்துக்கு 100 கிராம் வெந்தயம் போட்டோம். காகிதம் மூன்று நாள் ஊறட்டும், தினமும் தண்ணீர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நாற்றம் தாங்காது. வெந்தயம் ஒரு ராத்திரி ஊறினால் போதும். முதல் ஈடு மிக்ஸியில் போட்டேன், இரண்டு நிமிடத்தில் சூடாகி நின்றுவிட்டது. பழைய கிரைண்டரில் போட்டதும்தான் சரியாக வந்தது. நாற்பது நிமிடம் ஓடியதும் அடை மாவு பதத்துக்குத் திரண்டு, தொட்டால் வெந்தயத்தின் வழுவழுப்பு விரலில் ஒட்டியது.

முதல் கூடையை விரல் தடிமனுக்கு அப்பிவிட்டேன். இரண்டாம் நாள் சாயந்திரம் இடிமழை. வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம். ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். அழுகை வந்துவிட்டது. ஈரம், பூஞ்சணம், அந்த வாசனை, எல்லாமே 2015 டிசம்பரில் வீட்டுச் சுவரில் பார்த்தவை. அன்று முழுக்க வேலையைத் தொடவில்லை. மறுநாள் அம்மாவே அதைத் தூக்கிச் செடிக்கு உரமாகப் போட்டுவிட்டு, "மெல்லிசாப் போடு, மொத்தமாப் போட்டாக் காயாது" என்று அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

இரண்டாவதை, ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தடிமனுக்குள் நிறுத்தினேன். பாத்திரத்தின் மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றி, அதன் மேல் அப்பினேன். ஒரு நாள் வெயில், அப்புறம் ஃபேன் காற்று. பாதி காய்ந்ததும் தானாகவே கழன்று வந்தது. விரலால் சுண்டினால் டொக்கென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கிறவர்கள் உண்டு. அது விஷம், பிள்ளைகள் புழங்குகிற வீட்டில் வேண்டாம் என்று நான் மஞ்சள்தூளோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு கையும் கூழாக இருக்கும்போது போனைத் தொட முடியாது. கழுவித் துடைத்து வந்து எடுப்பதற்குள் அந்தப் பதைப்பு ஒரு படி இறங்கியிருக்கும். வானத்தைப் பார்த்தது உண்மைதான், ஆனால் 'இன்றைக்குக் கூடை காயுமா' என்று பார்த்தேன். அது வேறு மாதிரியான பார்வையாக இருந்தது.

செப்டம்பர் பூராவும் பொம்மை வேலை. கிளி நான்கு, ஒரு பசுவும் கன்றும், ஒரு டீக்கடை. பொம்மைக்குக் கூடைக் கூழ் அப்படியே சரிப்படாது, சொரசொரப்பாக வரும். கட்டுக்கம்பியில் எலும்புக்கூடு வளைத்து, அதன் மேல் கூழ் அப்பி, காய்ந்த பிறகு கூழோடு சாக் பவுடரும் ஃபெவிகாலும் பிசைந்து மேல்பூச்சு பூச வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, அப்புறம்தான் போஸ்டர் கலர். கண் கடைசியில். பொம்மை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். நான் ஒரு கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் இருபது முப்பது கண் எழுதிப் பழகிய பிறகே பொம்மையைத் தொட்டேன். மூச்சை வெளியே விட்டபடி எழுதினால் கோடு நடுங்காது.

மேல்படி பிள்ளையாரும் அம்மனும் மட்டும் கடையில் வாங்கிய சின்ன மண் பொம்மைகள். சாமி முகத்தை என் கையால் எழுத மனம் வரவில்லை.

படிக்குக் கீழே தரையில் அமைக்கிற பார்க்குக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது மகள் சொன்னாள்: "படகு வைக்கலாம்மா."

2015-இல் அவளுக்கு நான்கு வயது. எங்கள் தெருவுக்குக் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர். பெரியவர் துடுப்பால் மதிலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இளையவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து இவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதும் இல்லை.

படகு ஒரு முழம் நீளம். அட்டையில் வடிவம் வெட்டி, ஒட்டி, மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சையும் இரண்டு நாள் காயவிட்டோம். வெளியே நீலம், உள்ளே வெள்ளை. ஆட்களுக்கு வர்ணம் அடிக்கும்போது இளையவரின் சட்டைக்கு நான் பச்சையை எடுத்தேன். "சிவப்பும்மா, அந்த அண்ணா சிவப்புச் சட்டை. காலர் கிழிஞ்சிருக்கும்" என்றாள். தோளில் உட்கார்ந்து அவள் பார்த்த காலர். அவளே சிவப்பு அடித்து, பிரஷ் நுனியால் காலரில் ஒரு கிழிசலும் வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். படகில் யாரோ அவளுக்கு ஒரு பன் கொடுத்தார்களாம், அது நனைந்திருந்ததாம். பாட்டி மடியில் என்ன கட்டிவைத்திருந்தார் என்று கேட்டாள். அம்மா சிரித்தபடி, "ரேஷன் கார்டும் உன் ஜாதகமும்" என்றார். அன்று ராத்திரி பதினொரு மணி வரை மூன்று பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். பேசி முடித்த பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மரப்பாச்சியின் மடிப்புகளில் ஒன்பது வருஷத்துச் சேறு இன்னும் இருந்தது. பழைய டூத் பிரஷில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க செம்மரத்தின் நிறம் மேலே வந்தது. அவருக்கு ஜரிகைத் துண்டில் வேட்டி, அவளுக்கு ரவிக்கைத் துணி மிச்சத்தில் புடவை, பாசிமணியில் மாலை.

அக்டோபர் 2, மகாளய அமாவாசை மாலை படி கட்டினோம். மூன்று படி; பலகை, பெஞ்ச், புத்தகக் கட்டு, மேலே வெள்ளை வேட்டி. பத்து நாளும் சுண்டல், வந்தவர்களுக்குத் தாம்பூலம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு பாட்டி படகுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் வீடும் அன்றைக்கு முழுகிய வீடுதான்.

விஜயதசமி 12-ஆம் தேதி. அன்று ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றினேன். பெட்டிக்குள் வசம்புத் துண்டும் கற்பூரமும் போட்டு, இந்தத் தடவை பரணில் ஏற்றிவிட்டோம். சரியாக 15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்திவைத்த படங்களைப் பார்த்தேன். அவர்களை எனக்கு நன்றாகவே புரியும். அன்று பகல் முழுக்க உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. கொலுவும் முடிந்துவிட்டது, கைக்கு வேலை இல்லை. தீபாவளிக்கு வாசலில் கட்ட காகிதப் பூத்தோரணம் தொடங்கினேன். மனம் ஒட்டவில்லை, பாதியில் விட்டேன்.

இதையும் சொல்லத்தான் வேண்டும்: நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி எந்த வேலையும் உதவவில்லை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள் என்று கேட்டதும் மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்தேன். எடுத்த பெண் தமிழில் நிதானமாகப் பேசினார். மூச்சை எண்ண வைத்தார், காலில் படுகிற தரை எப்படி இருக்கிறது என்று சொல்ல வைத்தார். "காய்ந்து இருக்கிறது" என்று சொன்னேன். சொல்லும்போதுதான் நிஜமாகவே தரை காய்ந்து இருப்பது தெரிந்தது. இந்த நிலையில் இருக்கிறவர்கள் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கார்த்திகைக்குத் தகர விளக்கு ஆரம்பித்தேன். டிசம்பர் காற்றில் அகல் நிற்காது என்பது வருஷா வருஷம் கவலை. காலி பால்பவுடர் டின்னில் ஆணியால் துளை போட்டு உள்ளே அகலை வைத்தால் சுடர் அணையாது. வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கிவிடும். ஈர மணலை உள்ளே இறுக்கமாக அடைத்துவிட்டு அடியுங்கள், துளை சுத்தமாக விழும். காகிதத்தில் கோல டிசைன் வரைந்து டின்மேல் ஒட்டி, புள்ளி இருக்கிற இடத்திலெல்லாம் ஆணி. மேல் மூடி வேண்டாம், சூடு வெளியே போக வேண்டும். புது அகலைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துக் காயவிட்டு வைத்தால் எண்ணெய் குடிக்காது.

ஒரு டின்னுக்கு நூற்றுப் பத்து துளை வரும். எண்ணிக்கொண்டே அடிப்பேன். சுத்தியல் சத்தத்தில் மழைச் சத்தம் கேட்காது. ஒன்பது டின் முடிந்தது.

திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்த துக்கத்தில் அந்த வருஷம் பண்டிகை மனநிலை வரவில்லை. அங்கே மலை மேல் ஏற பக்தர்களை விடவில்லை. 13-ஆம் தேதி சாயந்திரம் ஈரக் காற்று அடித்தது. மகாதீபத்தை டிவியில் பார்த்துவிட்டு, உள்ளே பதினெட்டு அகலும் வாசலில் ஒன்பது டின்னுமாக இருபத்தேழு விளக்கு ஏற்றினோம். திறந்த அகல் ஒன்று வைத்துப் பார்த்தேன், உடனே அணைந்தது. டின்னில் இருந்தவை அணையவில்லை. துளை வழியாக விழுந்த வெளிச்சம் ஈரத் தரையில் புள்ளிக் கோலமாகக் கிடந்தது. மகள் அதைப் பிடிக்கப் பார்த்துக் கையை நீட்டினாள், புள்ளியெல்லாம் அவள் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.

எதிர்வீட்டு அக்கா வந்து, "இதை எப்படிப் பண்ணினே?" என்று கேட்டார். வாளியில் மிச்சம் இருந்த மணலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். தூறல் ஆரம்பித்திருந்தது. இரண்டு டின் முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.