மிளகு போன கடல் வழியே: சிங்கப்பூரிலிருந்து கொச்சி வரை

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறித்து முடித்து, சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளிலிருந்து கடைசிச் சரத்தையும் இறக்கி, களத்தில் காயவைத்து மூட்டை கட்டுவதற்குள் பங்குனி பிறந்துவிடும். அதற்குப் பிறகு கோடை மழை இறங்கும்வரை தோட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வங்காள விரிகுடாவும் மலாக்கா நீரிணையும் அமைதியாகக் கிடப்பதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று இன்னும் எழாத அந்த இடைவெளியில், குளிர்காலம் முழுவதும் சிங்கப்பூரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பெரிய சுற்றுலாக் கப்பல்களில் சில ஐரோப்பாவை நோக்கித் திரும்புகின்றன. மலாக்கா, பினாங்கு, புக்கெட், கொழும்பு, கொச்சி என்று பழைய துறைமுகங்களைத் தொட்டுக்கொண்டு போகும் அப்படியொரு கப்பலில் நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் ஏறிக் கொச்சியில் இறங்கினோம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மிளகு. நூறு கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் முப்பத்து மூன்று கிலோ தேறும். ஏற்காட்டில் எங்கள் வேலை அந்தக் கணக்கோடு முடிந்துவிடுகிறது. வண்டி வந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய பிறகு அது எங்கே போகிறது என்று நாங்கள் கேட்பதில்லை. அந்தச் சிறு மணிக்காகத்தான் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு இந்தக் கடலெங்கும் கோட்டை கட்டினார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் எங்கள் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே வணிகத்தின் தொடர்ச்சிதான். எங்கள் பயிர்களின் சரித்திரம் பாதிக்கு மேல் கடலில் நடந்திருக்கிறது. அதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடத்துடன் கூடிய அறை, நீச்சல் குளங்கள், ஆயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம், நேரம் பாராமல் கிடைக்கும் உணவு என்று எதிலும் குறையில்லை. சைவ உணவு வேண்டும் என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே எழுதிவிட்டதால், இரவு உணவுக் கூடத்தின் பரிமாறுநர் முதல் நாளிலிருந்தே எங்களுக்கென்று தனியாகச் சமைத்த சப்பாத்தியும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். புறப்படுவதற்கு முன் பயணிகள் அனைவரும் தத்தமக்குரிய கூடுமிடத்துக்குச் சென்று, ஆபத்துக் காலத்தில் உயிர்காப்பு அங்கியை அணிவது எப்படி, எந்தப் படகில் ஏறுவது என்று கேட்டறிய வேண்டும். 1912இல் டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு உருவான பன்னாட்டு ஒப்பந்தத்திலிருந்து வந்த நடைமுறை இது. குளிக்கும் நீர் கடல்நீரிலிருந்து கப்பலிலேயே காய்ச்சியும் வடிகட்டியும் எடுக்கப்படுகிறது என்று ஊழியர் ஒருவர் விளக்கியபோது, கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் தேடி அலையும் எங்களுக்கு அது பெரிய வியப்பாக இருந்தது. ஆயினும் கப்பல் வசதிகள் இரண்டு நாளில் பழகிவிடுகின்றன. துறைமுகங்கள் அப்படிப் பழகுவதில்லை.

மலாக்காவில் கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளில் கரைக்குப் போனோம். இன்று அமைதியான சிற்றாற்றங்கரை நகரமாகத் தோன்றும் இது, பதினைந்தாம் நூற்றாண்டில் ஆசியாவின் பெருஞ்சந்தைகளில் ஒன்று. வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க சாபந்தர்கள் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழர் உள்ளிட்ட சோழமண்டல, வங்காள வணிகருக்கு ஒருவர், ஜாவாத் தீவின் சாவகத்தாருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர். மேற்கிலிருந்து ஒரு காற்றில் வந்தவர்கள், கிழக்கிலிருந்து இன்னொரு காற்றில் வருபவர்களுக்காகவும், தாங்கள் ஊர் திரும்ப அடுத்த காற்று எழுவதற்காகவும் மாதக்கணக்கில் இங்கே காத்திருந்தார்கள். காத்திருந்த இடத்தில் கிடங்கு வந்தது, கோயில் வந்தது, குடும்பமும் வந்தது. மலாக்காச் செட்டிகள் என்று அழைக்கப்படும் மக்கள் அந்தக் காத்திருப்பின் வழித்தோன்றல்கள். வீட்டில் மலாய் பேசுகிறார்கள். விநாயகரையும் மாரியம்மனையும் கும்பிடுகிறார்கள். பொற்கொல்லர் தெருவில் 1781இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலும், பழைய பள்ளிவாசல் ஒன்றும், சீனர்களின் பெரிய கோயிலும் கூப்பிடு தூரத்துக்குள் நிற்கின்றன. 1511இல் போர்ச்சுகீசியர் பிடித்துக் கட்டிய பெருங்கோட்டையில் ஒற்றை வாசல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 1641இல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தால் ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. கோட்டை கட்டியவர்கள் எல்லோரும் போய்விட, காற்றுக்காகக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள்.

பினாங்கில் கப்பல் நேராகத் துறையிலேயே கட்டப்பட்டது. ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தால், 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டை சில நிமிட நடையில் வந்துவிடுகிறது. அங்கிருந்து சூலியா தெருப் பக்கம் திரும்பினால் பூக்கடை, பாத்திரக்கடை, தமிழ்ப் பாட்டு, தோசைக்கல் வாசம். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் நிழலில் நின்று சோறும் மீன் குழம்பும் விற்பனையாவதைப் பார்த்தோம். காவடித் தண்டில் இருபக்கமும் பாத்திரம் கட்டித் தூக்கிவந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சோறுதான் இன்று நாடெங்கும் புகழ்பெற்ற நாசி கண்டார்.

குயின் தெருவில் 1833இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயிலில் உச்சிகால பூசை முடிந்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என் மனைவியின் பேச்சைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

“நீங்க எந்த ஊரும்மா?”

“சேலம் பக்கம் ஏற்காடுங்க, ஐயா.”

“எங்க தாத்தாவும் சேலம் ஜில்லாதான். ஆத்தூர் பக்கம்னு அப்பா சொல்லுவாரு. எந்த கிராமம்னு யாருக்கும் தெரியாம போச்சு.”

“ஆத்தூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம்ங்க. ஒருதரம் புறப்பட்டு வாங்க, நம்ம வீட்டுல தங்கிக்கிட்டுப் போய்ப் பார்க்கலாம்.”

“வரணும்மா, வரணும்.”

அவருடைய தாத்தா கங்காணி ஒருவர் திரட்டிய ஆட்களோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவராம். சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். 1926 முதல் பல பத்தாண்டுகள் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில், ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்திலும் அதற்கடுத்த தளங்களிலும் பாய் விரித்துப் படுத்தே வந்தார்கள். அதன் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றே போனது. அன்று இரவு எங்கள் அறையின் மாடத்தில் நின்று கரை விளக்குகளைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பாய்கள்தாம் நினைவில் இருந்தன. இந்த வழியில் வசதியாகப் பயணம் செய்யும் தமிழர் ஒவ்வொருவரும் ரஜூலாவைப் பற்றித் தெரிந்துகொண்டு ஏற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பினாங்கில் இன்னொன்றும் பார்த்தேன். சந்தைக் கடையொன்றில் பிளந்து வைத்திருந்த ஜாதிக்காய். மஞ்சள் சதை இரண்டாகப் பிளந்து, உள்ளே கறுத்துப் பளபளக்கும் கொட்டையைச் சிவப்பு வலைபோல ஜாதிபத்திரி சுற்றியிருந்தது. கிழக்கே வெகுதொலைவில் உள்ள பண்டா தீவுகளில் மட்டுமே ஒரு காலத்தில் விளைந்த மரம் இது. அதன் மீது டச்சுக்காரர் வைத்திருந்த தனியுரிமையை உடைக்க, கிழக்கிந்தியக் கம்பெனி கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது. சதையைப் பிழிந்து எடுத்த சாறு ஒரு குவளை குடித்தோம். லேசான துவர்ப்பும் மணமும் நெடுநேரம் நாவில் நின்றன.

புக்கெட்டில் கடற்கரையும் சுண்ணாம்புக்கல் தீவுகளும் படங்களில் காண்பது போலவே அழகாக இருக்கின்றன. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, அங்கிருந்து வடக்கே கரையோரமாக உள்ள தகுவாபா என்ற ஊரில், ஒன்பதாம் நூற்றாண்டில் அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காப்பில் விட்டதாகச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது என்பதே. வணிகக் குழு ஒன்று கடல் கடந்து போய்க் குளத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது என்றால், அந்த ஊரில் நெடுங்காலம் இருக்கும் எண்ணத்தோடுதான் போயிருக்க வேண்டும்.

அதன் பிறகு மேற்கே திறந்த கடல். சுமத்ராவின் வட முனைக்கும் பெரிய நிக்கோபாருக்கும் இடையே உள்ள ஆறு பாகைக் கால்வாயில், எங்களுக்கு இருபுறமும் சரக்குக் கப்பல்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. மேற்கே போகப் போகக் கடிகாரம் பின்னோக்கி வருகிறது. சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் இடையே மொத்தம் இரண்டரை மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. இந்த இரண்டரை மணியை என் மனைவி தூக்கத்துக்கும் நான் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்ப்பதற்கும் செலவிட்டோம்.

கொழும்பில் நான் தேடிப்போனது ஒரே ஒரு கல். டச்சுக்காரர் காலத்தில் பட்டை விளைந்த கறுவாத்தோட்டம் பகுதியில், 1877இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனாவிலேயே பொறித்து எடுத்துவந்து நாட்டிய கல் அது. மூன்று மொழிகள் அதில் உண்டு. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. 1911இல் காலி நகரில் ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தால், தேய்ந்த கல்லில் சில எழுத்துகளை இன்றைய கண்களாலும் அடையாளம் காண முடிகிறது. சீனப் பேரரசரின் தூதர் இலங்கைக் கடற்கரையில் பேச வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைத் தேர்ந்திருக்கிறார் என்றால், அந்தக் கடலில் அன்று தமிழ் வணிகர்களுக்கு இருந்த இடத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நான் அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றேன். மனைவிதான், “ஏங்க, கப்பலுக்கு நேரமாச்சு” என்று கூப்பிட்டாள்.

கொச்சியில் கப்பல் வந்து நிற்கும் வில்லிங்டன் தீவே, காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் உருவாக்கியது. யவனர்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற முசிறி இதற்குச் சற்று வடக்கே இருந்தது. 1341ஆம் ஆண்டு வெள்ளத்தில் பெரியாற்றின் போக்கு மாறிக் கொச்சிக்குக் கதவு திறந்தது என்று சொல்கிறார்கள். வாஸ்கோ ட காமாவை 1524இல் புதைத்த தேவாலயத்தையும் சீன வலைகளையும் பார்த்துவிட்டு மட்டாஞ்சேரிக்கு விரைந்தோம். 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடத்தை ஒட்டிய தெருவில் இன்று கைவினைப் பொருள் கடைகள்தாம் அதிகம். ஆனாலும் ஒரு சந்துக்குள் திரும்பியதும் சுக்கின் காரம் மூக்கில் ஏறியது. கிடங்கு முற்றத்தில் பெண்கள் முறத்தால் சுக்கைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த குஜராத்தி வியாபாரியிடம் ஏற்காட்டில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறேன் என்றதும், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சாக்கிலிருந்து மிளகை அள்ளி லிட்டர் படியில் கொட்டி, தட்டாமல் குலுக்காமல் மேலே ஒரு பட்டைக் கட்டையால் வழித்துவிட்டு, தராசில் வைத்துக் காட்டினார். 550 கிராமுக்கு மேல் நின்றது. “இது நல்ல மணி. உங்க மலையில சரம் நல்லா முத்தறதுக்கு முன்னாடி பறிச்சுடறாங்க, அதான் எடை நிக்கறதில்ல” என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆள் கிடைக்கும்போது பறித்துவிடுவது எங்கள் பக்கம் வழக்கம். அடுத்த பருவத்தில் சரத்துக்கு ஒன்றிரண்டு பழமாவது சிவந்த பிறகுதான் ஏணி வைப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சேலத்துக்காரர்களுக்கு இந்தத் திசையில் பயணம் செய்வதே வசதி. போகும்போது நாமக்கல், காவிரிக்கரை முசிறி வழியாகத் திருச்சிக்குப் போய் விமானம் ஏறிவிடலாம். திரும்பும்போது கொச்சியில் இறங்கி, எர்ணாகுளத்தில் ரயிலேறினால் பாலக்காடு, கோயம்புத்தூர், ஈரோடு வழியே நேராகச் சேலம் வந்துவிடலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணச்சீட்டு எடுக்குமுன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கப்பல் என்று முடிவு செய்யும்போது உணவுக் கூடங்களின் எண்ணிக்கையை விட, ஒவ்வொரு துறைமுகத்திலும் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பாருங்கள். மலாக்காவுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தரும் கப்பல் வேண்டாம், படகில் போய் வருவதிலேயே அது கரைந்துவிடும். கொழும்பில் கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் சேராமல், காலையில் இறங்கியதும் வாடகை வண்டி பிடித்து நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள்.