சீனக்குடாவுக்கு மேகத்தின் வழியாக

தனியார் விமானி உரிமம் கிடைத்து நாலு மாதம் இருக்கும். இரத்மலானையிலிருந்து தனியாக எழும்பி குருணாகல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு மேகம், பார்க்க மெல்லிசு. பின்னால் நீலம் தெரிகிற மாதிரித்தான் இருந்தது. சுற்றிப் போயிருக்க வேண்டும். என் உரிமத்துக்கு மேகத்துக்குள் வேலையே இல்லை. போய்விட்டேன். உள்ளே இருந்தது அரை நிமிடம் வராது. வெளியே வந்தபோது இடது இறக்கை 30 பாகை சரிந்திருந்தது, 300 அடி உயரம் குறைந்திருந்தது. நேராகத்தான் பறக்கிறேன் என்று அந்த நேரம் யார் கேட்டிருந்தாலும் கோணேசர் மேல் சத்தியம் செய்திருப்பேன்.

இறங்கின பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த கிழமை இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்கு, பெயர் கொடுத்தேன்.

நான் திருகோணமலையில், சீனக்குடா ஓடுபாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். விமானப்படைப் பயிற்சி விமானங்கள் கூரைக்கு மேலால் போகும் சத்தத்தை வைத்தே ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுவேன். அந்தக் காதுதான் என்னை ஏமாற்றியது என்பதை ஏற்றுக்கொள்ளக் கனநாள் எடுத்தது.

பயிற்றுநர் மட்டக்களப்புக்காரர். முதல் வகுப்பில் அவர் விமானத்தைத் தொடவே விடவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, தேயிலைத் தூள் கொஞ்சம் தூவி, வாளியைச் சுழற்றினார். வாளி சுற்றியது, தூள் நின்ற இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்றத் தொடங்கியது. வாளியைப் பிடித்து நிறுத்தினார், தண்ணீர் நிற்கவில்லை. உள்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவமும் இப்படித்தானாம். திருப்பம் ஒரே சீராகத் தொடர்ந்தால் இருபது விநாடி போல் போனதும் நேராகப் பறக்கிற மாதிரி இருக்கும். உண்மையிலேயே நேராக்கினால் மற்றப் பக்கம் சரிகிற மாதிரி இருக்கும். மெதுவாகச் சரிந்தாலோ தொடக்கமே தெரியாது.

1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை இதே மாதிரி நிலைமையில் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். என் அரை நிமிடத்தை நினைத்துக்கொண்டேன்.

சர்வதேச விதிப்படி 40 மணித்தியாலம் கருவிப் பறப்பு வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தரையில் சிமுலேட்டரில் செய்யலாம். வானத்தில் பெரும்பாலும் 'ஹூட்' போட்டுத்தான் பறப்போம். தொப்பி மாதிரி ஒன்று. வெளியே தெரியாது, கருவிப் பலகை மட்டும் தெரியும். விமானம் சரிந்திருக்கிறதா என்று காட்டும் செயற்கை அடிவானத்தைப் பார், உயரமானிக்குப் போ, திரும்பி வா, திசைகாட்டிக்குப் போ, திரும்பி வா. ஒன்றிலேயே கண் ஒட்டினால் மற்றது ஓடிவிடும். 1929இலேயே ஜிம்மி டூலிட்டில் மூடிய கொக்பிட்டில் எழும்பி, சுற்றி, இறங்கியும் காட்டிவிட்டார். எனக்கு நேராக ஒரு கோடு பிடிக்கவே மூன்று கிழமை.

சரி, ஹூட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அது மேகம் இல்லை. ஓரத்தால் வெயில் அசையும், நிழல் நகரும், வெளியே வானம் வெளித்திருக்கிறது என்று மனதுக்குத் தெரியும். ஹூட்டில் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். செயற்கை அடிவானத்தையும் திசைகாட்டியையும் சேர் மூடி மறைத்துவிட்டு ஓட்டச் சொன்னாலும் ஓட்டுவேன். பயம் போகவில்லை, அவ்வளவுதான்.

படுத்தி எடுத்தது ஹோல்டிங். இடம் கிடைக்கும்வரை வானத்தில் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்பது. ஒரு புள்ளி, வலது திருப்பம், விநாடிக்கு 3 பாகை, ஒரு நிமிடம் வெளியே, மறுபடி திருப்பம், உள்ளே. காற்று தள்ளுவதற்குத் திருத்தம் வேறு. ஆனியில் லீவில் ஊருக்கு வந்தபோது டச்சு பே கடற்கரையில் செருப்பைப் புள்ளியாக வைத்து நடந்தே பழகினேன். கச்சான் காற்று கடலுக்குத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டு கோணத்தை மாற்றி மாற்றி நடந்தேன். கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று நின்று பார்த்தது. கச்சான் கடலை விற்கிற ஐயா ஒருவர் மூன்றாவது சுற்றில் பொறுக்க முடியாமல் கேட்டார்: "என்ன தம்பி, நேர்த்திக்கடனா?"

லீவு முடிந்த கையோடு சேர் சொன்னார், இரத்மலானையிலிருந்து சீனக்குடாவுக்குப் போவோம் என்று. விமானப்படைத் தளம், முன்கூட்டியே அனுமதி எடுத்தோம். சுமார் 130 கடல் மைல். குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று கிட்டத்தட்ட நம் பஸ் போகிற பாதைக்கு மேலாலேயே. தென்மேற்குப் பருவக்காற்று நேரம், மேற்குப் பக்கம் முழுக்க மேகம் பாய் விரித்திருந்தது. இடி மேகம் இல்லை, தட்டையான சாம்பல் மேகம். 7,000 அடிக்கு ஏறும் வழியில் உள்ளே போனோம். ஹூட் இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை.

பத்து நிமிடத்தில் உடம்பு இடது பக்கம் சாயத் தொடங்கியது. செயற்கை அடிவானம் நேராக நிற்கிறது. கழுத்து சரிந்து, கை தானாக வலது பக்கம் திருப்பப் பார்க்கிறது.

"மனே, இப்ப காது கதைக்கும். கதைக்கட்டும். நீ பதில் சொல்லாத."

சொல்லவில்லை. வியர்த்துக் கொட்டியது. குருணாகல் தாண்டும் நேரம் இயந்திரத்தின் சுற்று மெல்ல மெல்ல இறங்கியது, நிமிடத்துக்கு 100 சுற்று போல். எங்களுடையது கார்புரேட்டர், அதாவது எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பகுதி, உள்ள பழைய செஸ்னா 172. அதற்குள் ஐஸ் பிடித்திருந்தது. இலங்கையில் எங்கே ஐஸ் என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று ஒடுங்கின குழாயில் பாயும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் விழலாம். ஈரக்காற்றென்றால் அங்கேயே உறைந்துவிடும். மேகத்தை விட ஈரமான காற்று எங்கே இருக்கிறது? கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை இழுத்தேன். இயந்திரம் இன்னும் மோசமாகி இருமியது. ஐஸ் உருகித் தண்ணீராக உள்ளே போவதால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தேன், ஆனால் கை பிடியைத் திருப்பித் தள்ளத் துடித்தது. எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து வரும்போது சுற்று ஏறியது.

அப்புறம்தான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் திசை 3 பாகைக்கு மேல் விலகவில்லை. காது என்ன கதைத்ததென்று ஞாபகமே இல்லை.

தம்புள்ளை தாண்டியதும் மேகம் கிழிந்து, பிறகு இல்லாமலே போனது. மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு வருகிற அதே காற்றுதான் இந்தப் பக்கம் வறண்ட கச்சான். கந்தளாய்க் குளம் பளிச்சென்று கிடந்தது. அதற்கு அப்பால் கொட்டியாரக் குடா. "இப்ப வெளியால பார்க்கலாம்" என்று சேர் சொன்ன பிறகும் நான் இரண்டு முறை கருவிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

பரீட்சையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. கட்டுநாயக்கவில், ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். ஊசிகள் இரண்டையும் நடுவில் பிடித்து 200 அடி வரை வரவேண்டும். பின்னால் பெரிய விமானம் வருகிறது, வேகத்தைக் கூட்டு என்று கட்டுப்பாட்டாளர் அவசரப்படுத்தினார். பாஸ்.

அந்த வருடத் தீபாவளிக்கு அக்காவைப் பறந்து ஊருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். காலையில் இயந்திரத்தில் ஒரு சின்னப் பிழை, அதைத் திருத்தி முடிக்கப் பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. அதற்குள் தம்புள்ளைக்கு மேலே மேகங்கள் கோபுரமாக எழும்பிவிட்டன. ஐப்பசியில் பின்னேரம் வழக்கமான இடி மேகம். அதற்குள் போக எந்த ரேட்டிங்கும் உதவாது. உள்ளே காற்று மேலும் கீழும் அடித்துச் சின்ன விமானத்தை உடைத்துவிடும். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மேகத்துக்குள்ள பறக்கத்தானே இவ்வளவு காசு செலவழிச்சனீ?" என்றாள் அக்கா. புறக்கோட்டையில் பஸ் ஏறும்வரை முகம் கொடுக்கவில்லை.

ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, தகரக் கூரையில் விழுந்த மழையில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஒரு மின்னலில் தெரு முழுக்க வெள்ளையானது. அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் மீன் பணிஸில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.