சிறிய கட்டிகள் நழுவும் இடங்கள்

உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பது என் வேலை. சி.டி. படத்தில் 5 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் பெட் படம் மங்கலாகக் கிடக்கும். அது புற்றா, பழைய தழும்பா என்று யாராலும் சொல்ல முடியாது. சில மாதங்கள் கழித்து வரச் சொல்லி அனுப்புவோம். அந்த மாதங்களை நோயாளி எப்படிக் கழித்தார் என்பது அவர் திரும்பி வரும்போது முகத்திலேயே எழுதியிருக்கும். அதனால்தான் கருவியின் உணர்திறன் (உடலிலிருந்து வரும் கதிர்களில் எவ்வளவை அது பிடிக்கிறது என்பது) பற்றி எங்கு பேச்சு எழுந்தாலும் நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

ஃபுளோரின்-18 ஏற்றிய சர்க்கரையை ஊசி வழியே செலுத்துகிறோம். அதன் கதிரியக்கம் சுமார் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். பசி மிகுந்த புற்றணுக்கள் அதை அள்ளிக்கொள்கின்றன. அங்கே வெளிப்படும் பாசிட்ரான் என்ற எதிர்த்துகள், எலெக்ட்ரான் ஒன்றைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, ஏறக்குறைய எதிரெதிர்த் திசைகளில் இரு காமா கதிர்கள் புறப்படுகின்றன. சுற்றிலும் உள்ள படிக வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால்தான் கணக்கில் சேரும். வழக்கமான வளையத்தின் நீளம் 20 சென்டிமீட்டரை ஒட்டியது. வளையத்துக்கு வெளியே இருக்கும் உடற்பகுதிகளிலிருந்து கிளம்பும் இணைகள் வீணாகின்றன. உள்ளே கிளம்புவனவற்றிலும் பல உடலில் மோதிச் சிதறுகின்றன. மொத்தத்தில் நூற்றில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. படத்தின் இரைச்சலை, அதாவது புள்ளி புள்ளியான கலங்கலை, பாதியாக்க நான்கு மடங்கு எண்ணிக்கை வேண்டும். மருந்தைக் கூட்டினால் கதிர்வீச்சு கூடும். நேரத்தைக் கூட்டினால், முதுகுவலியோடு படுத்திருப்பவர் தாங்கமாட்டார்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சைமன் செர்ரி, ராம்சே படாவி இருவரின் தலைமையில் உருவான எக்ஸ்ப்ளோரர் என்ற பெட் கருவி, வளையத்தை 194 சென்டிமீட்டருக்கு நீட்டியது. மனிதரின் முதல் படங்கள் 2018இல் வந்தன. முழு உடலை எடுக்கும்போது சுமார் 40 மடங்கு உணர்திறன் என்பது பெரிய சாதனை. ஆனால் ஒரே ஓர் உறுப்பை மட்டும் பார்ப்பதானால் ஆதாயம் அதைவிட வெகுவாகக் குறையும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

நேரத்தை நுட்பமாக அளப்பது இன்னொரு வழி. இரு கதிர்கள் வந்து சேரும் நேர வேறுபாட்டை 200 பிக்கோ வினாடி (ஒரு பிக்கோ வினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நுட்பத்தில் அறிந்தால், அவை கிளம்பிய இடத்தை 3 சென்டிமீட்டருக்குள் குறுக்கிவிடலாம். 10 பிக்கோ வினாடி எட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர்! ஆய்வாளர்கள் அதைக் குறிவைத்து உழைக்கிறார்கள்.

எண்ணிக்கை கூடினாலும் மங்கல் தானாகப் போகாது. கருவியின் பகுதிறன் (அருகருகே உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக்காட்டும் நுட்பம்) 4 அல்லது 5 மில்லிமீட்டர் என்றால், அந்த அளவுள்ள கட்டியின் ஒளி ஈரத் துணியில் விழுந்த மைத்துளிபோல் பரவி வெளிறிவிடுகிறது. கணினியால் அதைக் கூர்மையாக்கலாம். ஆனால் அப்படிக் கூர்மையாக்கிய படத்தில் சிறு கட்டியின் அளவீடு உண்மைக்கு மேல் ஏறிவிடக்கூடும். கண்டுபிடிக்க அந்தப் படம் உதவும். பழைய ஸ்கேனின் எண்ணோடு அதை ஒப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

என்னை மிகவும் வாட்டுவது மூச்சு. நுரையீரலின் அடிப்பகுதியும் ஈரலின் மேற்பகுதியும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கு மேலும், ஏறி இறங்குகின்றன. சி.டி. சில வினாடிகளில் முடிந்துவிடும். பெட் நிமிடக்கணக்கில் ஓடுவதால் 6 மில்லிமீட்டர் கட்டி அங்கே ஒரு கீற்றாகத் தேய்ந்துபோகிறது. மூச்சின் கட்டங்களுக்கேற்பத் தரவைப் பிரித்து இதைச் சரிசெய்யலாம். பிரித்தால் ஒவ்வொரு பங்கிலும் எண்ணிக்கை குறையும், இரைச்சல் கூடும். கூடுதல் உணர்திறன் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் நல்ல கருவி வந்ததும் பல இடங்களில் முதலில் நடப்பது, ஸ்கேன் நேரத்தைக் குறைத்து நாளுக்கு இன்னும் சிலரைச் சேர்ப்பது. காத்திருப்போர் பட்டியல் எனக்கும் தெரியும். நேரக் குறைப்பு குழந்தைகளுக்கும் வலியில் இருப்பவர்களுக்கும் வரம். எல்லோருக்கும் ஒரே கணக்கைப் போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

செலவில்லாத ஒன்றும் உண்டு: போர்வை. குளிரில் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு விழித்து, சர்க்கரையை எரித்து ஒளிரும். காறை எலும்புக்கு மேலுள்ள சிறு நிணநீர்க்கணு அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகலாம். ஊசி போடுவதற்கு முன்பிருந்தே நோயாளி கதகதப்பாக இருக்க வேண்டும். எந்தப் படிகமும் இதை ஈடுசெய்யாது.

நுரையீரல் அடிப்பகுதியில் சந்தேகம் உள்ளவர்களுக்கு, அந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் நிமிடங்கள் ஒதுக்கி மூச்சுப் பிரிப்போடு எடுக்கலாம் என்று எங்கள் மருத்துவர்களிடம் கேட்டுவருகிறேன். சிலர் ஒப்புக்கொண்டு, பரிந்துரைச் சீட்டிலேயே எழுதி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள்.