ப்ரொப்பெல்லரில் சிக்கிய சேலை

பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்விக்கில், கால்வாயின் நட்டநடுவில் படகு நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, பின்னால் கறுப்பாகப் புகை வருகிறது, ஆனால் படகு நகரவில்லை. பழகியவர்களுக்கு அந்தச் சத்தமே போதும், ப்ரொப்பெல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டது என்று தெரிந்துவிடும். எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. படகு வாங்கி அன்றைக்கு எட்டாவது நாள்.

நீண்ட கழியால் தள்ளித் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தோம். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கை உள்ளே இருக்கும் நேரத்தில் யாராவது என்ஜினைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கத் தளத்தின் பலகையைத் தூக்கினால் அடியில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு மூடி. இதற்கு 'வீட் ஹேட்ச்' என்று பெயர். அதைத் திறந்தால் நேரே ப்ரொப்பெல்லருக்குக் கைவிடலாம். குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். மே மாதத்துத் தண்ணீர், விரல் மரத்துப்போகிற குளிர். துணி தட்டுப்பட்டது. ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்து அறுத்து இழுக்க, பச்சை நிறத்தில் ஏதோ வந்தது. இன்னும் இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் பார்டர் தெரிந்தபோதுதான் புரிந்தது, அது சேலை.

"ஏங்க, பார்டர் நல்லா இருக்கே. பாத்து அறுங்க" என்றாள் மனைவி.

அந்த வழியாகப் போன பெரியவர் ஒருவர் தன் படகை நிதானமாக்கி எட்டிப் பார்த்தார். "சேலையா? எனக்கும் போன வருஷம் மாட்டியது" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர்களில், கால்வாயைக் கங்கையாகப் பாவித்துத் தேங்காயும் பூவும் துணியும் விடுகிறார்கள். லண்டன் சவுத்தாலில் தேங்காய் மிதந்து வருவதைப் பார்த்த கதையைப் படகுக்காரர்கள் சொல்வார்கள். இத்தனை வருடம் இங்கிலாந்தில் இருந்து, கடைசியில் என் ப்ரொப்பெல்லரை நம்மூர்ச் சேலையே வந்து பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேர வேலை. முடிந்ததும் அந்த மூடியை இறுக்கமாகத் திருகினேனா என்று மூன்று முறை பார்த்தேன். சரியாக மூடாமல் என்ஜினைப் போட்டால் ப்ரொப்பெல்லர் அடிக்கும் தண்ணீர் உள்ளே ஏறி, படகு முழுகிவிடும்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

2022இல் ஒரு பழைய நாரோபோட், அதாவது குறுகலான கால்வாய்ப் படகு, வாங்கினோம். 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். இந்த அகலத்தைத் தீர்மானித்தது நாங்கள் இல்லை. 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் கட்டிய நீர்ப்பூட்டுகளின் (மேடுபள்ளத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள்) அகலம் ஏழு அடி. அதில் நுழைய வேண்டுமென்றால் படகு இப்படித்தான் இருக்க வேண்டும். இருபுறமும் ஓர் அங்குலம் மிச்சம். உள்ளே படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. நீளத்துக்கும் காரணம் உண்டு. 70 அடிப் படகும் கிடைக்கும், ஆனால் வடக்கே சில கால்வாய்களின் பூட்டுகள் குட்டை. 57 அடி என்றால் அநேகமாக எங்கும் போகலாம் என்பது இங்கே வாய்ப்பாடு மாதிரி.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏம்பா, ஊர் உலகத்துல எல்லாரும் வீடு வாங்குறாங்க, நீ படகு வாங்கியிருக்கே. நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரியா? கொசு பிச்சுப் பிடுங்குமே?" மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்கு அடியில் ஓடுவதைத்தான் அம்மா பார்த்திருக்கிறாள். அதில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு படகு போனது என்று சொன்னால் சிரிப்பாள்.

வாங்கும் முன் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று, சர்வே. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, ஒருவர் கையடக்கக் கருவியை அங்கங்கே வைத்து இரும்புத் தகட்டின் கனத்தை அளக்கிறார். புதிதில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கங்கள் 6, மேல்கூடு 4 இருக்கும். துருப்பிடித்து 4க்குக் கீழே போய்விட்டால் பல காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும், மேலே வேறு தகடு பற்றவைக்கச் சொல்லும். எங்களுக்கு முதலில் பிடித்த படகு அப்படித்தான் கைவிட்டுப் போனது. உள்ளே அருமையான ஓக் மரவேலை. அடியில் ஒரு மூலையில் 3.2.

அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு செலவு. உரிமக் கட்டணம் மட்டுமே ஆயிரம் பவுண்டைத் தாண்டும். கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்டுக்கு அது போகிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், காப்பீடு, நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் வேண்டுமென்றால் அதற்குத் தனி வாடகை. இடம் வேண்டாம் என்றால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கலாம். கேட்க நாடோடி வாழ்க்கை மாதிரி இனிக்கும். ஆனால் பக்கத்தில் வேலைக்குப் போகிறவனுக்கு அது நடக்கிற காரியமில்லை, நாங்கள் வாடகைதான் கட்டுகிறோம்.

இனி யாரும் புகைப்படத்தில் காட்டாத விஷயம், கழிவறை. எங்களுடையது கேசட் வகை. இருக்கைக்குக் கீழே இருபது லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி. இரண்டு பேருக்கு இரண்டரை நாள், விருந்தாளி வந்தால் ஒன்றரை. நிரம்பியதும் உருவி, சூட்கேஸ் மாதிரி இழுத்துக்கொண்டு கரையோரம் உள்ள 'எல்சன்' என்ற இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். எங்கள் பயணத் திட்டம் முழுவதும் இதைச் சுற்றித்தான். அழகான கிராமம், நல்ல தேநீர்க்கடை என்றெல்லாம் வரைபடத்தில் பார்ப்பது பிறகு. முதலில் அடுத்த எல்சன் எங்கே, அடுத்த குழாய் எங்கே. தண்ணீர்த் தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம் பிடிக்கும். ஷாம்பு போட்டபின் தண்ணீர் நின்றுபோன அனுபவம் ஒரு முறை கிடைத்தால் போதும், பிறகு சொம்பு கணக்கில்தான் குளிப்போம். மின்சாரமும் அப்படித்தான். மிக்ஸியில் சட்னி அரைக்க வேண்டுமென்றால் என்ஜின் ஓடும்போது அரைக்க வேண்டும். எங்கள் தேங்காய்ச் சட்னி எப்போதும் மணிக்கு மூன்று மைல் வேகத்தில் அரைபட்டது.

டீசல் வாங்கும்போது ஒரு வேடிக்கை. சிவப்பு நிறச் சாயம் போட்ட, வரி குறைந்த டீசல். ஆனால் படகை ஓட்டப் பயன்படுத்தும் பங்குக்கு முழு வரி, சூடாக்க, மின்சாரம் எடுக்க ஆகும் பங்குக்குக் குறைந்த வரி. "அறுபதுக்கு நாற்பது போட்டுக்கட்டுமா?" என்று விற்பவர் கேட்பார், தலையாட்ட வேண்டும்.

படகு வாங்கியது பிரான்ஸ்டனில், நார்தாம்ப்டன்ஷையர். வேல்ஸில் உள்ள லங்காத்லென் வரை ஓட்டிப் போய்விட்டு, திரும்பும் வழியில் நான்ட்விச் பக்கம் நிறுத்துவதாக யோசனை. காரில் சில மணி நேரத் தூரம், எங்களுக்கு மூன்று வாரம். மைலையும் நீர்ப்பூட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரியும். இந்தக் கணக்கைச் சொல்லித் தந்தவர்கள் ஹேட்டனில் எங்களோடு சேர்ந்த ஒரு முதிய தம்பதி. ஹேட்டனில் தொடர்ச்சியாக 21 பூட்டுகள். 1930களில் அகலமாக்கப்பட்டவை என்பதால் இரண்டு படகு பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். பெண்கள் இருவரும் கரையில் இறங்கிக் கதவு தள்ள, ஆண்கள் படகைப் பிடித்தோம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அந்தம்மா சொன்னார், உடம்புக்கு வேலை கரையில், கெட்ட பெயர் சுக்கானில், கெட்டிக்காரி கரையைத்தான் எடுப்பாள் என்று.

பூட்டின் சூட்சுமம் எளிது. இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைந்த இரும்புக் கைப்பிடியால் மதகைத் தூக்கினால் தண்ணீர் ஏறும் அல்லது இறங்கும், படகும் கூடவே. ஏழு அடிப் பூட்டுகூட ஒரு தடவைக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கீழே அனுப்புகிறது. ஆபத்து இறங்கும்போதுதான். மேல்கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு உண்டு. படகின் பின்பக்கம் அதன்மேல் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் கீழே போகும், பின்பக்கம் மேலே தொங்கும், சில நிமிடத்தில் படகு காலி. சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அதற்கு முன்னால் நிற்க வேண்டும். உல்வர்ஹாம்ப்டனில் 21 பூட்டு இறங்கிய நாளில் நான் பார்த்ததெல்லாம் அந்த வெள்ளைக் கோடு மட்டுமே. ஊர் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

ஓட்டுவதும் முதலில் தலைகீழ்தான். சுக்கான் கம்பியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். பிரேக் கிடையாது, பின்னோக்கிக் கியர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், பின்னோக்கிப் போகும்போது சுக்கான் பேச்சைக் கேட்காது. கட்டிநிற்கும் படகுகளைக் கடக்கும்போது நடைவேகத்துக்கும் கீழே குறைக்காவிட்டால், நம் அலையில் அவர்கள் முளை பிடுங்கிக்கொள்ளும். ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டு "மெதுவா!" என்று கத்தும். முதல் வாரம் எனக்குத் தினம் மூன்று கத்தல்.

அதன்பின் ஷ்ராப்ஷையர் யூனியன் கால்வாய். தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளரின் வேலை. மேட்டை அறுத்தும் பள்ளத்தை மேடாக்கியும் நேர்கோடாகப் போகும். பார்க்க அழகு, படகைக் கட்டி நிறுத்தத்தான் தொல்லை. கரையோரம் தண்ணீருக்குள் ஒரு கல் விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் படகு கரையைத் தொடாது. இரவு முழுவதும் டங்கு டங்கென்று இடிக்கும். சிறிய சக்கரங்களை இடையில் கட்டித் தொங்கவிடுவது வழக்கமாம். எங்களிடம் இல்லை, தூக்கமும் இல்லை. ஆட்லெமில் 15 பூட்டு, மழையோடு.

ஹர்ல்ஸ்டனில் லங்காத்லென் கால்வாய்க்குத் திரும்பினோம். மற்ற கால்வாய் போல இதன் தண்ணீர் நின்றுகொண்டிருப்பதில்லை. டீ ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் இதன் வழியே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஆகவே மேலே போகும்போது ஓட்டத்தை எதிர்க்க வேண்டும். குறுகலான பாலத்துக்கு அடியில் படகு நிற்கிறதா போகிறதா என்றே சந்தேகம் வரும். கிரிண்ட்லி புரூக்கில் மூன்று பூட்டு படிக்கட்டு மாதிரி ஒட்டியே இருக்கும், ஒன்றின் மேல்கதவுதான் அடுத்ததன் கீழ்க்கதவு. பருவ காலத்தில் பூட்டுக் காவலர் இருப்பார். அவர் சொன்ன வரிசையில் மதகைத் திறந்தால் போதும், புத்திசாலித்தனம் காட்டினால் கால் நனையும்.

பொன்ட்கசல்ட்டெ நீர்ப்பாலத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போனோம், கூட்டம் வரும் முன். 'ழ'வைச் சரியாகச் சொல்கிறோம் என்று மார்தட்டுபவர்கள் வெல்ஷ்காரர்களின் அந்த இரட்டை 'எல்'லை ஒரு முறை முயன்று பார்க்கலாம். டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805இல் திறந்தது. 307 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 38 மீட்டர் உயரம், 18 தூண்களின்மேல் ஓர் இரும்புத் தொட்டி, அதற்குள் கால்வாய், அவ்வளவுதான். சுண்ணாம்புக் காரையில் மாட்டு ரத்தம் கலந்தார்கள் என்கிறார்கள். நம்மூரில் கருப்பட்டியும் கடுக்காயும் கலந்து கட்டிய தாத்தா வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பிவேலியும். மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் இருந்தால் அதிகம். அதற்கப்பால் மரங்களின் உச்சி, கீழே ஆறு.

சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு வீடியோ காட்டப்போகிறேன் என்று சாக்குச் சொல்லி நடைபாதைப் பக்கம் ஒதுங்கினேன். "இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் எங்கேப்பா?" என்றாள் அம்மா. இல்லை என்றேன். "அப்ப அவளை எதுக்கு அங்க நிக்க வச்சிருக்கே?" பதில் சொல்லத் தெரியவில்லை. மனைவி நேராகப் பார்த்துக்கொண்டு, ஒரு இடத்தில்கூடத் தொட்டியில் உரசாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அன்றிலிருந்து குறுகலான இடமெல்லாம் அவள் பொறுப்பு, கேசட் என் பொறுப்பு.

திரும்பும்போது ஓட்டம் நம் பக்கம் என்பதால் அரை நாள் மிச்சமானது. அதன்பின் மூன்று வருடத்தில் வீட் ஹேட்ச் வழியாகக் கயிறு, பிளாஸ்டிக் பை, மெத்தையின் ஸ்பிரிங், யாருடைய ஜீன்ஸோ எல்லாம் எடுத்தாயிற்று. இன்னொரு சேலை கிடைக்கவில்லை. அந்தப் பச்சைச் சேலையை மனைவி மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்திருந்தாள். பார்டரை அவள் எடுத்துக்கொண்டாள், மீதி என்ஜின் துடைக்க. அடுத்த மாதம் படகைத் தூக்கி அடியில் தார் பூச வேண்டும், பூசி மூன்று வருடமாகிறது. ரோலர் வாங்கிவிட்டேன். துடைக்கத் துணி இருக்கிறது, இன்னும் இரண்டு கஜம்.